குடவோலை போட்டுப் பாருங்கள்: காவல்துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு கலைக் கல்லூரியில் முப்பது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவன். காவல்துறை மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. என் மனைவியின் தம்பியே ஏட்டாக இருக்கிறார், இந்த மடலில் பாதி விஷயம் அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புலம்பியதுதான். நீங்கள் தொடங்கும் திட்டங்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று அளந்து பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இருந்தாலும் என் வண்டி காணாமல் போன கதையில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டப வாசலில் நிறுத்தியிருந்த என் பைக், பந்தியில் உட்கார்ந்து எழுந்து வருவதற்குள் போய்விட்டது. மண்டபம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது, ஏனென்றால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் இன்னொரு ஸ்டேஷன். எந்த ஊர் என்பது வேண்டாம், யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. உள்ளே இருந்த ரைட்டர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், "சார், பக்கத்துக் கடையில நாலு வெள்ளைத்தாள் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். வாங்கி வந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'திருடு போய்விட்டது' என்று நான் எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, 'காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்' என்று மாற்றச் சொன்னார். அதையும் மாற்றினேன். கடைசியில் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சி, வழக்குப் பதிவு இல்லை. எஃப்.ஐ.ஆர். கேட்டதற்கு "ஒரு வாரம் தேடிப் பாப்போம் சார், கிடைக்கலைன்னா போட்டுக்கலாம்" என்றார். அதற்கப்புறம் ஏழு தடவை நடந்தேன். எட்டாவது தடவை போனபோது ரைட்டர் மாறுதலாகிப் போயிருந்தார். விட்டுவிட்டேன்.

பதினொரு வருடப் பழைய வண்டி, போனதில் பெரிய நஷ்டம் இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. அந்த ஆண்டு அந்த ஸ்டேஷனின் வாகனத் திருட்டுக் கணக்கில் என் வண்டி கிடையாது. 'காணவில்லை' என்பது குற்றம் இல்லையே! ஆக, என் பைக்கைத் திருடியவனால் அந்த எல்லையில் குற்றம் ஒன்றுகூடக் கூடவில்லை. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ரைட்டருக்கு அது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் 'உன் எல்லையில் ஏன் இத்தனை கேஸ் ஏறியிருக்கு' என்று இன்ஸ்பெக்டர் நிற்க வைத்துக் கேட்கப்படுவார் என்பதும் தெரியும்.

இது என் ஒருவன் கதை என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் போய்க் கேட்டு 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. திருட்டுக்கு ஆளானவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை போய்ச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பேர்தான் என்று அதில் வந்தது. மீதி தொண்ணூற்றுச் சொச்சம் பேரின் திருட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இங்கிலாந்தில் இந்த மாதிரி வீடு வீடாகப் போய் 'கடந்த ஓராண்டில் உங்களுக்கு என்ன நடந்தது' என்று கேட்கும் கணக்கெடுப்பை 1982-ல் தொடங்கினார்கள், இன்றைக்கும் நடக்கிறது. போலீஸ் பதிவேடு ஒரு பக்கம், மக்கள் சொல்வது ஒரு பக்கம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நம்மிடம் இருப்பது பதிவேடு மட்டும்.

பதிவேடு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்றால், நல்ல திட்டம் கெட்ட திட்டமாகத் தெரியும், கெட்டது நல்லதாகத் தெரியும். ஒரு ஸ்டேஷனில் பெண்களிடம் மரியாதையாகப் பேசும் ஓர் எஸ்.ஐ. வந்தால் புகார் கூடும். புகார் கூடினால் குற்றம் கூடிவிட்டது என்று மெமோ வரும். பக்கத்து ஸ்டேஷனில் வாசலிலேயே விரட்டி அனுப்புகிறவருக்கு 'அமைதியான எல்லை' என்று பாராட்டு. அப்புறம் இந்தப் பெட்டி கேஸ், அதாவது சில்லறை வழக்கு விவகாரம். மாதக் கடைசியில் எண்ணிக்கை பத்தவில்லை என்று 'செவன்டிஃபைவ் கேஸ்' (பொது இடத்தில் ரகளை என்று 75-ஆம் பிரிவில் போடும் வழக்கு) போட டீக்கடை வாசலில் நிற்பவனைத் தேடி ஜீப் போகும் கதையை என் மைத்துனர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்க வேண்டிய விஷயம்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு புதிய அதிகாரியும் வரும்போது ஒரு புதிய திட்டம் வருகிறது. மூன்றாம் கண், காவலன் செயலி, பிங்க் ரோந்து வண்டி, சிற்பி, பறவை, அவள், மகிழ்ச்சி என்று எனக்குத் தெரிந்த பெயர்களே இத்தனை. பெயர்கள் நன்றாக இருக்கின்றன, அதில் குறை சொல்ல மாட்டேன். கொடியசைத்துத் தொடங்கும் படம் நாளிதழில் வருகிறது. எத்தனை கேமரா மாட்டினோம், எத்தனை பேர் செயலியைப் பதிவிறக்கினார்கள், எத்தனை பள்ளியில் கூட்டம் போட்டோம் என்ற எண்ணிக்கையும் வருகிறது. அதனால் என்ன மாறியது என்பது மட்டும் வருவதில்லை. திட்டம் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் அது தெரியும். எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்கிவிட்டால் ஒப்பிட எதை வைத்துக்கொள்வது?

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், அதுவும் ஐம்பது வருடத்துக்கு முன்பே. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி போலீஸார் 1972 அக்டோபரில் இருந்து ஓராண்டு, பதினைந்து ரோந்துப் பகுதிகளை எடுத்து, ஐந்தில் ரோந்தையே நிறுத்தினார்கள் (போன் வந்தால் மட்டும் போவார்கள்), ஐந்தில் வழக்கம்போல் விட்டார்கள், ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு வண்டி விட்டார்கள். ஆண்டு முடிவில் பார்த்தால் திருட்டிலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ரோந்து நின்றதே தெரியவில்லை. அதனால் ரோந்தே வீண் என்று அர்த்தமில்லை. குறிப்பில்லாமல் சுற்றுவதுதான் வீண், குற்றம் குவிகிற சில முனைகளில் போய் நின்றால் பலன் உண்டு என்று பிற்பாடு வேறு ஊர்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு நகைக்கடை கேட்டில் தொங்கும் பட்டா புத்தகம் ஞாபகம் வந்தது. ராத்திரி ரோந்து வருகிறவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன், நாலு நாள் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. இப்போது க்யூ.ஆர். கோடு வந்திருக்கிறது என்கிறார்கள். வந்தாரா என்பதை அது சொல்லும். வந்ததால் என்ன ஆனது என்பதைச் சொல்லாது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அப்படியானால் ராஜஸ்தானுக்கு வாருங்கள், அது நம் நாட்டுப் போலீஸ்தான், நம் மாதிரியே ஆள் பற்றாக்குறை, நம் மாதிரியே பந்தோபஸ்து.

அங்கே குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்க எங்கே நிற்பது என்பதையே ஓர் ஆய்வாகச் செய்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ (பின்னால் 2019-ல் பொருளியல் நோபல் வாங்கிய அதே இருவர்), டேனியல் கெனிஸ்டன், இவர்களோடு ராஜஸ்தான் ஐ.பி.எஸ். அதிகாரி நினா சிங். ஓர் அதிகாரியே ஆய்வாளர் குழுவில் இருந்தார் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். சில ஸ்டேஷன்களில் விபத்துக்குப் பேர்போன ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சோதனை. சில ஸ்டேஷன்களில் மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் சோதனை, இன்றைக்கு எங்கே என்று யாருக்கும் தெரியாது. சிலவற்றில் எதுவும் புதிதாக இல்லை. எந்த ஸ்டேஷனுக்கு எது என்று முடிவு செய்தது அதிகாரி இல்லை, குலுக்கல். முடிவு என்ன தெரியுமா? மாற்றி மாற்றி நின்ற இடங்களில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவுச் சாவுகள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்றதில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை.

எங்கள் ஊரில் பாலத்தடியில்தான் எப்போதும் செக்கிங். பத்து வருடமாக அங்கேதான். குடித்தவன் அதற்கு முந்தைய சந்தில் திரும்பிப் பால் சொசைட்டி வழியாகப் போய்விடுவான், அந்தச் சந்தில் வெளிச்சமும் கிடையாது, வேகத்தடையும் கிடையாது. மாட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், அப்புறம் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகும் என்னைப் போன்றவர்கள். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் செத்தார்கள். இந்தியாவிலேயே விபத்து எண்ணிக்கையில் நாம்தான் முதல். நாற்காலியையும் தடுப்பையும் தூக்கி வேறு இடத்தில் போட ஆகும் செலவு என்ன? ஒன்றுமில்லை. ராஜஸ்தானில் சரிவந்தது இங்கேயும் சரிவருமா என்பது கேட்க வேண்டிய கேள்விதான், சாலையும் வேறு, டாஸ்மாக் கடை மூடுகிற நேரமும் வேறு. அதைத்தான் நாலு மாவட்டத்தில் குலுக்கிப் போட்டுப் பார்த்துவிடலாமே என்கிறேன்.

அதே ராஜஸ்தானில் அதற்கு முன்னால் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு என் மைத்துனருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பதினொரு மாவட்டம், 162 காவல் நிலையம். நான்கு சீர்திருத்தங்களைப் போட்டுப் பார்த்தார்கள்: நினைத்தபடி மாறுதல் போடுவதை நிறுத்துவது, பயிற்சி, சுழற்சிப் பணியோடு வார விடுமுறை, ஊர்க்காரர் ஒருவரை ஸ்டேஷனில் பார்வையாளராக உட்கார வைப்பது. மாறுதலை நிறுத்தியதும் பயிற்சியும் வேலை செய்தன, குற்றத்துக்கு ஆளாகி வந்தவர்களின் திருப்தி கூடியது. வார விடுமுறையும் பார்வையாளரும் ஒன்றும் செய்யவில்லை. ஏன்? முதல் இரண்டும் தலைமையகத்தில் இருந்து நடந்தவை. பின் இரண்டும் ஸ்டேஷன் அதிகாரியின் கையில் இருந்தவை, அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: ஆய்வுக் குழுவின் ஆட்களே சாதாரணப் பொதுமக்கள் மாதிரி ஸ்டேஷனுக்குப் போய், செல்போன் திருட்டு அது இது என்று புகார் கொடுத்து, பதிகிறார்களா என்று பார்த்தார்கள். என்னை மாதிரி ஒருவனை வேண்டுமென்றே அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே 2021-ல் காவலர்களுக்கு வார விடுமுறை என்று ஆணை வந்தது. அன்றைக்கு என் மைத்துனர் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். முதல் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார், பையனைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். மூன்றாவது மாதத்தில் இருந்து தேர்த் திருவிழா, தலைவர் வருகை, ஏதாவது ஒரு சிலைக்குப் பாரா. ரோல்காலில் 'ஆஃப் இன்னிக்கு யாருக்கும் இல்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பதிவேட்டில் மட்டும் ஆஃப் எடுத்ததாக ஏறியிருக்கும் என்கிறார். காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். லோக்நீதியும் சேர்ந்து 2019-ல் பல மாநிலங்களில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் போலீஸ்காரர்களைக் கேட்டு எழுதிய அறிக்கையில், ஒரு போலீஸ்காரர் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று இருக்கிறது. ஆணை போட்டது நல்ல விஷயம், மறுக்கவில்லை. அது ஸ்டேஷனில் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதை, பெயர் சொல்லத் தேவையில்லாமல் காவலர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள யாரையாவது அனுப்பினீர்களா என்பதுதான் கேள்வி. மேலதிகாரி கேட்டால் 'ஆஃப் கிடைக்கிறது ஐயா' என்றுதான் சொல்வார்கள். வெளியாள் கேட்க வேண்டும்.

பொதுமக்களில் இருந்து தன்னார்வலர்களைப் போலீஸுக்கு உதவியாகச் சேர்த்த ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் கதை இன்னும் பெரிது. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது, மாநிலம் முழுக்கப் பரவியது, போலீஸும் மக்களும் நெருங்குகிறார்கள் என்று வெளியூரில் எல்லாம் பேசப்பட்டது. 2020 ஜூலையில், சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் செத்த பிறகு, தடை செய்யப்பட்டது. தொடங்கியபோது ஒரு நம்பிக்கை, நிறுத்தியபோது ஒரு கோபம். இடையில் 27 வருடம் ஓடியதே, அந்த அமைப்பு இருந்த ஊரில் மக்களுக்குப் போலீஸ் மேல் நம்பிக்கை கூடியதா, இல்லை தெருவில் இன்னும் நாலு பேருக்கு அதிகாரம் மட்டும் கூடியதா? அந்தக் கணக்கு எங்கே?

இப்போது மறுபடியும் சமுதாயக் காவல், அதாவது போலீஸும் மக்களும் கைகோத்துக் காவல் பார்ப்பது என்று யாராவது கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், தயவுசெய்து 2021-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வை ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா என ஆறு நாடுகளில், 516 பகுதிகளில், ஊர்க்கூட்டம், ஒரு பகுதிக்கென்றே சுற்றிவரும் பீட் போலீஸ், புகார் வாங்கும் வழி என்று எல்லாம் செய்து பார்த்து, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கேட்டார்கள். போலீஸ் மேல் நம்பிக்கை கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பழகின அதிகாரியை அடிக்கடி மாற்றிவிடுவது. (என் ரைட்டர் ஞாபகம் வருகிறாரா?) இன்னொன்று, கூட்டத்தில் மக்கள் சொன்னதைச் செய்து கொடுக்க ஸ்டேஷனில் ஆளும் இல்லை, வண்டிக்கு டீசலும் இல்லை. கூட்டம் போட்டுக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று எங்கள் ஊர்க் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெண்கள் விஷயத்தில் நாமும் ஒரு முன்னோடிதான். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது நாம், இன்று மாநிலத்தில் 200-க்கும் மேல் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பெண் போலீஸாரைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்து எழுதியவர் மங்கை நடராஜன், நியூயார்க் ஜான் ஜே கல்லூரியில் பேராசிரியர். நம் ஸ்டேஷன்களை நம்மைவிட அவர்கள் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு. மற்ற மாநிலங்களும் திறந்தன. 2015-ல் ஹரியானா எல்லா மாவட்டத்திலும் திறந்தது. அங்கே பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்த நிர்விகார் ஜஸ்ஸல் என்ற ஆய்வாளர், பெண்களின் வழக்குப் பதிவு அதனால் கூடவில்லை என்றும், சாதாரண ஸ்டேஷன்காரர்கள் 'இது மகளிர் ஸ்டேஷன் கேஸ்மா, அங்க போங்க' என்று தள்ளிவிட அது வசதியாகிவிட்டது என்றும் எழுதினார். இந்த வசனத்தை நான் ஹரியானாவில் கேட்கவில்லை, நம் ஊரிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி கையில் குழந்தையோடு, வீங்கின கன்னத்தோடு, ஒன்பது மணிக்கு மேல் மகளிர் ஸ்டேஷனுக்கு எந்த பஸ் என்று என் மனைவியிடம் கேட்டாள். இருபத்திரண்டு கிலோமீட்டர். கடைசி பஸ் போயிருந்தது.

மத்தியப் பிரதேசத்தில் வேறு வழியில் போனார்கள். தனி ஸ்டேஷன் கட்டாமல், இருக்கும் ஸ்டேஷனுக்குள்ளேயே பெண்களுக்கு ஓர் உதவி மேசை, அதற்குப் பயிற்சி பெற்ற ஆள். 180 ஸ்டேஷன்களை எடுத்து மூன்று பங்காகக் குலுக்கினார்கள்: ஒன்றில் உதவி மேசை, ஒன்றில் பெண் அதிகாரியே நடத்தும் உதவி மேசை, ஒன்றில் எதுவும் இல்லை. மேசை இருந்த இடத்தில் பெண்களின் புகார்கள் கூடுதலாகப் பதிவாயின, பெண் அதிகாரி உட்கார்ந்த இடத்தில் இன்னும் நன்றாக. 2022-ல் இந்த முடிவு வெளிவந்தது. இரண்டு மாநிலம், நோக்கம் ஒன்று, பலன் நேர் எதிர். நம் ஸ்டேஷன்களிலும் இப்போது உதவி மேசைப் பலகை தொங்குகிறது. 30 வருட அனுபவம் உள்ள நமக்கு மகளிர் ஸ்டேஷன், உதவி மேசை, இரண்டில் எது எங்கே உதவுகிறது என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கும் தகுதி இருக்கிறது, தரவு நம் கையில்தான் இருக்கிறது, திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

கேமராவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவைச் சேமிக்க இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். 'கேமரா பொருத்தப்பட்ட காவல் நிலையங்கள்' என்று நீங்கள் கணக்குக் காட்டினால் அந்த ஸ்டேஷனும் அதில் ஒன்றாக ஏறியிருக்கும், இல்லையா? அதே 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் லாக்கப், வராண்டா, வாசல் உட்பட கேமரா வேண்டும் என்றது. 2025-ல் திருப்புவனத்தில் போலீஸ் விசாரணையில் ஒரு கோயில் காவலாளி செத்தாரே, அவரை அடித்த இடம் ஸ்டேஷனே இல்லை. கேமரா எங்கே இல்லையோ அங்கே அடி போகும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி வேண்டாம், ஆனால் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். வாஷிங்டன் நகரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸாரில் ஏறக்குறைய பாதிப்பேரைக் குலுக்கி எடுத்து உடம்பில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். பலப் பிரயோகத்திலும் புகாரிலும் கவனிக்கத்தக்க வித்தியாசம் எதுவும் வரவில்லை. கேமரா வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சாட்சிக்காவது வேண்டும். ஆனால் மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் மாவுக்கட்டு. பிடிபட்டபின் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கை உடைந்த ரவுடியின் படம் வந்தால் கீழே ஆயிரம் கைதட்டல். 'இதுதான்யா போலீஸ்' என்று என் பழைய மாணவர்களே எழுதுகிறார்கள். பிடித்தவனை அடித்து உடைப்பது சட்டப்படி தப்பு, அது தனி. அதை விட்டுவிட்டே கேட்கிறேன்: மாவுக்கட்டு அதிகம் விழுகிற எல்லையில் கொலையும் வழிப்பறியும் குறைந்ததற்கு ஒரு தாள், ஒரே ஒரு தாள், யாரிடமாவது இருக்கிறதா? இவ்வளவு நம்பிக்கையோடு செய்கிற ஒரு காரியத்துக்கு இத்தனை வருடத்தில் கணக்கே இல்லை என்பது புள்ளியியல்காரனுக்கு வேடிக்கையாக இருக்கிறது, எலும்பு டாக்டருக்கு எப்படியோ.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. எந்தத் திட்டமானாலும் முதல் ஆண்டு நிதி எல்லா ஸ்டேஷனுக்கும் போதாது. நூறு ஸ்டேஷனுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு எது என்று இப்போது எப்படி முடிவாகிறது? அமைச்சர் தொகுதி, எஸ்.பி.யின் ஆர்வம், நெடுஞ்சாலையோரம் இருப்பது. அதற்குப் பதிலாக ஒரு பானையை வையுங்கள். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால், உத்திரமேரூரில் வாரியத்துக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சூதுவாது தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னதைக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். செல்வாக்கைத் தள்ளிவைக்க அவர்கள் கண்ட வழி அது. அதே வழிதான் இன்றைக்குத் திட்டம் வேலை செய்ததா என்று கண்டுபிடிக்கவும் ஆகச்சிறந்த வழி. நூறு ஸ்டேஷன் ஓலையில் வந்தது, இன்னொரு நூறு வரவில்லை, இரண்டுக்கும் வேறு வித்தியாசம் கிடையாது. ஓராண்டு கழித்து, உங்கள் ஆட்கள் இல்லாமல் வெளியாட்களை அனுப்பி, இரண்டு பக்கமும் வீடு வீடாகக் கேளுங்கள். வராத நூறுக்கு அடுத்த ஆண்டு கொடுங்கள், பலன் இருந்தால்.

'மக்களை வைத்துச் சோதனை செய்யச் சொல்கிறாயா' என்று கோபம் வரலாம். இப்போதும் சோதனைதான் நடக்கிறது ஐயா, முடிவைக் குறித்துக்கொள்ளாமல் நடக்கிறது, அவ்வளவுதான். அதே சமயம் ஒரே ஆய்வைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் கூடாது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் 1981, 82-ல் மனைவியை அடித்த வழக்குகளில் கைது செய்வதா, புத்தி சொல்வதா, ஆளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புவதா என்பதைக் குலுக்கலில் விட்டார்கள். போலீஸ்காரர் கையில் நிறம் நிறமான தாள் கட்டு, மேல் தாள் என்ன நிறமோ அதன்படி செய்ய வேண்டும். கைது செய்த இடத்தில் மறுபடி அடிப்பது குறைந்தது. உடனே பல மாநிலங்கள் கட்டாயக் கைது என்று சட்டம் போட்டன. பின்னால் வேறு நகரங்களில் அதையே செய்து பார்த்தபோது முடிவு ஊருக்கு ஊர் மாறியது, மில்வாக்கி மாதிரி இடத்தில் வேலையில்லாத ஆண்களைக் கைது செய்தது அடியை அதிகப்படுத்தியது. அவர்கள் மறுபடி அளந்ததால்தான் அதுவும் தெரிந்தது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன், இதில்தான் நீங்கள் தயங்குவீர்கள். தொடங்குவதற்கு முன்னாலேயே எதை அளக்கப் போகிறோம் என்று எழுதி வெளியிட்டுவிடுங்கள், முடிவு எப்படி வந்தாலும் அதையும் வெளியிடுங்கள். தோற்ற திட்டத்தின் அறிக்கை அலமாரிக்குள் போய்விட்டால் அடுத்து வரும் அதிகாரி அதே திட்டத்துக்கு வேறு பெயர் வைத்துக் கொடியசைப்பார். நம் பல்கலைக்கழகங்களில் சமூகவியல், குற்றவியல், புள்ளியியல் துறைகளில் ஆய்வுத் தலைப்பு கிடைக்காமல் பிள்ளைகள் அலைகிறார்கள். தரவு கொடுங்கள், பெயர்களை நீக்கிவிட்டே கொடுங்கள், ஸ்டேஷனுக்குள் போக ஒரு கடிதம் கொடுங்கள். ராஜஸ்தானுக்கு ஒரு நினா சிங் போல நம் அதிகாரிகளிலும் புள்ளிவிவரம் படித்தவர்கள் இருப்பார்கள், அவர்களைத் தேடிப் பிடித்து மூன்று வருடமாவது மாற்றாமல் உட்கார வையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், செக்கிங்கில் இருந்தே தொடங்குங்கள், அதில்தான் செலவே இல்லை. எங்கள் மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலும் சரி, பாலத்தடித் தடுப்பைப் பால் சொசைட்டிச் சந்துக்கு வாரம் ஒரு நாளாவது தள்ளுங்கள். இரவு விபத்தைக் குறித்துவைக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், வெள்ளைத்தாளும் நானே வாங்கி வருகிறேன். என் வண்டியின் சி.எஸ்.ஆர். ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. பைக்கைக் கண்டுபிடித்துத் தர வேண்டாம், அந்த ஆண்டின் திருட்டுக் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் வாத்தியார்